நாகையின் முகம் யாரிடம் இருக்கிறது?

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தள்ளி, 1867 வரை ஒரு கோபுரம் நின்றது. கடலில் வருகிற மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் நாகை வந்துவிட்டதென்று தெரிந்துகொண்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அது புதுவெளிக் கோபுரம். டச்சுக்காரர்களுக்குச் சீனக் கோயில். ஆங்கிலேயர்கள் கறுப்புக் கோபுரம் என்றார்கள். சமணக் கோயில் என்றும் சொன்னார்கள். இத்தனை பெயர் வாங்கிய அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு முக்கியமான காரணம் ஓர் அதிகாரி: சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சர் வால்டர் எலியட்.

எலியட் 1846-ல் கோபுரத்தை நேரில் பார்த்தார். பார்த்ததை ஒன்றுவிடாமல் குறித்துவைத்தார். மூன்று அடுக்கு, சதுர வடிவம். சாந்து பூசாமல் நெருக்கிப் பொருத்திய செங்கற்கள். முதல் அடுக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, படிப்படியாக வெளியே நீட்டி அடுக்கிய செங்கல் வரிசை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு திறப்பு. ஒரு காலத்தில் உள்ளே தளம் இருந்ததற்கான தடம் சுவரில் தெரிந்தது. சிற்பமோ கல்வெட்டோ கண்ணில் படவில்லை. அந்தப் பக்கமாகப் போய்வந்த வண்டிகளும் மாடுகளும் உரசி உரசி, அடிப்பகுதியின் மூலைகள் தேய்ந்துபோயிருந்தன என்பதைக்கூட அவர் எழுதத் தவறவில்லை. மேல்பகுதி சிதைந்திருந்தாலும் கட்டடம் விழுகிற நிலையில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்.

விழாததை மனிதர்கள் இடித்தார்கள். நாகையில் கல்லூரி நடத்திவந்த இயேசு சபைப் பாதிரிமார்கள், கோபுரத்தை இடித்து அந்தச் செங்கல்லைத் தங்கள் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள 1859-ல் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார்கள். பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் அப்போது எழுந்தது. ஆனால், கடைசியில் 1867-ல் அனுமதி கிடைத்தது, கோபுரம் போனது. எந்தக் கல்லூரிக்காகச் செங்கல் கேட்டார்களோ, அந்தத் தூய வளனார் கல்லூரி 1883-ல் நாகையை விட்டே திருச்சிக்குப் போய்விட்டது. பதினாறே ஆண்டுகள்! நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏனென்றால் அது சாதாரணக் கோபுரம் அல்ல. பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், தென்னிந்தியக் கரையில் செங்கல்லால் கட்டிய ஒரு கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் சீன எழுத்தில் ஒரு வாசகம் இருந்ததாகவும், அது குறிக்கும் ஆண்டு 1267-க்குச் சமம் என்றும் அவருடைய நூலிலிருந்து தெரிகிறது. அந்தக் கோபுரம்தான் நாகையின் புதுவெளிக் கோபுரம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் சரியாக அறுநூறு ஆண்டு நின்ற கட்டடம் அது. எலியட் தன் குறிப்புகளை, கோபுரத்தின் படத்தோடு, ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் 1878-ல் வெளியிட்டார். அப்போது கோபுரம் இடிந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது.

இந்தக் கதையில் மனத்தை உறுத்துவது இன்னொன்று. கோபுரம் நின்ற காலத்திலேயே சோழநாட்டுக்குக் கேமரா வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப், 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், திருவையாறு, புதுக்கோட்டை, மதுரை என்று வண்டி கட்டிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எலியட் அமராவதியில் தோண்டியெடுத்த சிற்பங்களையும் அவரே சென்னையில் படமெடுத்தார். தஞ்சையிலிருந்து நாகை ஐம்பது மைல்தான். ஆனால், டிரைப் வெளியிட்ட தொகுதிகளில் நாகை இல்லை. அதற்குள் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், புகைப்படம் அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு என்று முடிவுகட்டினார். 1860-ல் டிரைப்பின் வேலை நின்றது. கோபுரத்துக்கு இன்னும் ஏழு வருட ஆயுள் மிச்சமிருந்தது.

ஒரு படம் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நாகையைப் போல அனுபவித்த ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

சோழர் காலத்திலிருந்தே நாகை உலகத்தின் வாசல். ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இங்கே ஒரு புத்த விகாரத்தை எழுப்பினான். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்தச் சூடாமணி விகாரத்தைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகளும், குலோத்துங்கன் காலத்து 3 செப்பேடுகளும் டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்தன. 1862-ல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனைமங்கலம் செப்பேடுகள் என்று நாம் சொல்வதை உலகம் லெய்டன் செப்பேடுகள் என்றே அறிகிறது.

மண்ணுக்கு மேலே இருந்தது போனபோது, மண்ணுக்குள்ளே இருந்தது வெளியே வந்தது. 1856-ல் பாதிரிமார்கள் ஒரு பெரிய மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் உருவங்கள் கிடைத்தன. அதிலிருந்து 1930-கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு என்று தோண்டிய இடங்களிலெல்லாம் வெண்கலப் புத்தர்கள் வெளிவந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 350. பல எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவை திசைக்கொன்றாகச் சிதறின. நாகையில் இருந்த கருங்கல் புத்தர் ஒருவர் சிகாகோ கலைக்கூடத்தில் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். டி.என்.ராமச்சந்திரன் 1954-ல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்த நூல், எழும்பூரில் உள்ள நாகை வெண்கலங்களைப் படங்களோடு விவரிக்கிறது. நாகையின் பௌத்த முகத்தை இன்று ஒரு மாணவன் பார்க்க வேண்டுமென்றால் அந்த நூலைத்தான் புரட்ட வேண்டும். ஊருக்குள் தேடினால் கிடைக்காது.

ஐரோப்பியர்கள் வந்த பிறகு நாகையைப் பலர் வரைந்தார்கள். 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ், 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரிய நூலில் நாகைக்கும் ஓர் அச்சுப்படம் உண்டு. 1690-ல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடம் நாகைக்கு மாறியது. 1781-ல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். அடுத்த வருடமே நாகைக் கடலில் ஆங்கிலக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையை டொமினிக் செரஸ் லண்டனில் இருந்தபடி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். கோட்டை, கொடி, கப்பல்: வெளிநாட்டுக்காரன் கண்ணில் நாகை இவ்வளவுதான்.

பக்கத்தில் தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் கூடுதல் அதிர்ஷ்டம். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் வரை அதுவும் நாகை மாவட்டம்தான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிய டேனிஷ்காரர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் வரை எதையும் காகிதத்தில் பதியாமல் விடவில்லை. டான்ஸ்போர்க் கோட்டையை ஒரு பதினேழாம் நூற்றாண்டு ஓவியத்தில் பார்க்கலாம். அது ஸ்வீடனின் ஸ்கோக்ளோஸ்டர் மாளிகையில் இருக்கிறது. 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர், ஆட்சி செய்த நேரம் போகத் தமிழ்நாட்டுக் காட்சிகளை வரைந்தார். அவருடைய ஓவியங்கள் நார்வேயில் பத்திரமாக உள்ளன. பின்னாளில் தரங்கம்பாடியின் பழைய கட்டடங்களைச் சீரமைக்க முன்வந்தவர்களுக்குக் கையில் ஆதாரம் இருந்தது. புதுவெளிக் கோபுரத்தை மறுபடி கட்ட நினைப்பவருக்கு எலியட்டின் ஒரு படமும் சில பத்திகளும்தான்.

பெயர் எழுதியவனும் எழுதாதவர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் சென்னையில் வீலே அண்ட் க்ளைன் போன்ற ஸ்டுடியோக்கள் அமோகமாகத் தொழில் செய்தன. கோயில், தேர், நெல்வயல், படகு என்று எடுத்து அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றார்கள். அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். படத்தில் நிற்கிற மனிதருக்குப் பெயர் இருக்காது. ‘உழவன்’, ‘மீனவப் பெண்’, ‘கூலிகள்’. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அரசாங்கமே வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்ற புகைப்பட நூலும் மனிதர்களைச் சாதி மாதிரிகளாகவே வரிசைப்படுத்தியது. காவிரிப் படுகையை உழுது நட்டு அறுத்தவர்கள் படத்தில் இருக்கிறார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது.

நம் பழைய ஓவியர்கள் இப்படிச் செய்யவில்லை. நாகையிலிருந்து அரை மணிப் பயணத்தில் உள்ள திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகேசரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த கதை, கட்டம் கட்டமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஊர்வலத்தில் வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை என்று ஒரு திருவிழாவே நடக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தீட்டியவன் தன் பெயரையும் விட்டுப்போயிருக்கிறான்: சிங்காதனம். சுமார் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த ஓவியம் மழைநீர் இறங்கிப் பூத்தும் உதிர்ந்தும் கிடந்ததை, புகைப்படக் கலைஞர் வி.கே.ராஜாமணி விடாமல் படமெடுத்துவைத்தார். டேவிட் ஷுல்மனோடு சேர்ந்து அவர் செய்த நூல் 2011-ல் வந்தது. ஓவியம் சீரமைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் உதிர்ந்துபோனதில் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

காவிரிப் படுகையை உழுதவர்களுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு நாகை மாவட்டக் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயக் கூலிக் குடும்பங்கள் அவை. ஸ்டுடியோவுக்குப் போய் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தக் கூலியில் நடக்கிற காரியமா? அவர்களின் பெயர்களை நினைவிடத்தில் பொறித்தது தோழர்கள் செய்த பெரிய காரியம். வெள்ளைக்காரன் அஞ்சலட்டையில் இல்லாதது அதுதான்.

ரஜுலாவில் வந்த படங்கள்

நாகையின் உண்மையான புகைப்பட வரலாறு அரசு ஆவணக் காப்பகத்தில் இல்லை, வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. 1861-ல் நாகைக்கும் தஞ்சைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. உள்நாட்டு ஜனங்கள் ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறுவோர் தங்கும் டெப்போவில் காத்திருந்து, படகில் போய் நடுக்கடலில் நின்ற கப்பலில் ஏறினார்கள். 1926-ல் கட்டிய ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. தோட்டக்காட்டுக்குப் போன கூலிகளும், கடை வைக்கப் போன நாகூர், திட்டச்சேரி சபுராளிகள் என்ற பயணிகளும் ஒரே கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

போனவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், படமும் அனுப்பினார்கள். நாகூரின் பழைய வீடுகளில் அந்தப் படங்களை இன்றும் காணலாம். தடித்த அட்டையில் ஒட்டிய படம். பின்னால் மாளிகைத் தூணும் தோட்டமும் வரைந்த திரைச்சீலை. வளைந்த கால் முக்காலியில் ஒரு பூச்சாடி. அதன்மேல் லேசாகக் கை ஊன்றி நிற்கிறார் ஒரு இளைஞர். புதுச் சட்டை, கைக்கடிகாரம் தெரியும்படி மடித்த முழங்கை. அட்டையின் கீழ் மூலையில் பினாங்கு ஸ்டுடியோவின் பெயர் புடைப்பு எழுத்தில். பின்பக்கம் திருப்பினால் மங்கிய மையில் இரண்டு வரி: உம்மாவுக்குச் சலாம், நான் சுகம், கவலைப்பட வேண்டாம். நிற்பவர் அங்கே ரப்பர் கடையில் மூட்டை தூக்கினாரா, கணக்கு எழுதினாரா என்று படம் சொல்லாது. மகன் நன்றாக இருக்கிறான் என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரிந்தால் போதும்.

நாகூரும் பதிலுக்குக் கடல் கடந்தது. நாகூர் தர்காவுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடிப் பெரிய மினராவை நெஞ்சில் சுமந்துபோனவர்கள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அங்கே அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்காக்களை எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டியது இன்று அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னம். கேமரா இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எடுத்த நாகூர்ப் படம் அது.

ஒரு புகைப்படம் சாமியை மீட்டது

பழைய படம் என்றால் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஆனந்தமங்கலத்தைச் சொல்ல வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலுக்கு 1958 ஜூனில் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கிருந்த ராமர், சீதை, லட்சுமணர் வெண்கலச் சிலைகளைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் பதிவுசெய்வது அந்த நிறுவனத்தின் வேலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவர்களிடம் சேர்ந்திருக்கின்றன. அன்றைக்குக் கோயில்காரர்கள் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

1978 நவம்பரில் சிலைகள் திருடுபோயின. வழக்கு நடந்தது, சிலைகள் வரவில்லை. நாற்பது வருடம் கழித்து, வெளிநாட்டு விற்பனையில் போன ஒரு ராமர் சிலையின் படத்தை, சிலை மீட்பில் ஈடுபட்டுள்ள எஸ்.விஜயகுமாரின் குழுவினர் பாண்டிச்சேரி படத்தோடு ஒப்பிட்டார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது. இதுபோன்ற ஒப்பீட்டில் முகச்சாயல் மட்டும் போதாது. வார்ப்பில் ஏற்பட்ட சின்னக் குறை, பீடத்தில் ஒரு நெளிவு, கைவிரலில் ஒரு தேய்வு, இவைதான் சாட்சி சொல்லும். லண்டன் காவல்துறை விசாரித்தது. திருட்டுச் சிலை என்று தெரியாமல் வாங்கியவர் தானாகவே ஒப்படைத்தார். 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்தின் கைக்கு வந்து, நவம்பரில் மூன்று சிலைகளும் தமிழ்நாடு திரும்பின.

1958-ல் யாரோ ஒருவர் வெயிலில் நின்று ஷட்டரை அழுத்தியதால் ராமர் ஊர் திரும்பினார். படமெடுக்கப்படாத கோயில்களில் காணாமல் போன சாமிகளுக்கு எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது?

கடல் கொண்டுபோனது

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ விட அதிகமாக நாகை படமெடுக்கப்பட்ட நாள் கிடையாது. அக்கரைப்பேட்டைப் பாலத்தருகே குவிந்த படகுகளை உலகத்தின் எல்லா மொழிப் பத்திரிகைகளும் அச்சிட்டன. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் உயிரிழப்பு. அந்த அலை சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையும், தகரப்பெட்டியில் இருந்த ஆல்பத்தையும் சேர்த்துக்கொண்டு போனதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. மாலை போடப் படம் இல்லாத வீடுகளில், குடும்ப அட்டையிலோ வாக்காளர் அட்டையிலோ இருந்த தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு அம்மா என்றால் அந்தப் புள்ளி புள்ளியான முகம்தான்.

அலைக்குத் தப்பியதை நாமே அழிக்கிறோம். டிஜிட்டல் வந்ததும் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிச் சட்டத்துக்கு விற்றார்கள். பிலிம் சுருள்களை வெள்ளி பிரிப்பவரிடம் எடைக்குப் போட்டார்கள். தமிழ் ஸ்டுடியோப் படங்கள் இப்படிப் போவதைக் கண்டு, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் செய்தது. நல்ல வேலை. ஆனாலும் ஒரு நிறுவனம் எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட முடியும்?

ஆகவே, நாகை, நாகூர், திருமருகல், கீழ்வேளூர், வேதாரண்யம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் படங்களை இந்த வாரமே இறக்குங்கள். தாத்தாவோ பாட்டியோ இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேளுங்கள். அதைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். செய்தால் பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், ரஜுலாவில் போனவர் இருந்தால், நாகை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர் இருந்தால், அந்தப் படத்தின் ஒரு பிரதியை அரசு அருங்காட்சியகத்துக்கோ உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ கொடுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் சிலைகளை, நிர்வாகத்தின் அனுமதியோடு, முன்னும் பின்னும் பீடமும் தெரியும்படி படமெடுத்துத் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.